நடுக்கடலில் விரியும் தெப்பம்

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு லாரி டியூபைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காற்றடைத்த ஒரு ரப்பர் வளையம். அதைப் பற்றிக்கொண்டு மூன்று நான்கு பையன்கள் தொங்கினாலும் மூழ்காது. அந்த வளையத்தைப் பெரிதாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டை அடுக்கி, அடியில் ரப்பர் பூசிய துணியால் ஒரு தரையும் மேலே ஒரு கூடாரமும் ஒட்டிவிட்டால் உயிர்காப்புத் தெப்பம் கிடைத்துவிடும். இவ்வளவுதானா என்று கேட்கிறீர்களா? மிதப்பதைப் பொறுத்தவரை இவ்வளவுதான். ஆனால் கிணற்றில் புயல் அடிப்பதில்லை; கடலில் அடிக்கிறது.

பெரிய கப்பல்கள் மட்டுமே மகாசமுத்திரத்தைக் கடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நார்த்ஹேவன் என்ற வகையைச் சேர்ந்த, 40 அடி நீளமே உள்ள மோட்டார் படகு ஒன்று 2001-02-இல் உலகையே சுற்றி வந்தது. 40 அடி என்றால் ஏறக்குறைய ஒரு பஸ்ஸின் நீளம். இத்தகைய படகு நடுக்கடலில் இருக்கும்போது, கப்பலிலிருந்து விழுந்து மிதக்கும் சரக்குப் பெட்டி ஒன்று மோதி அடிப்பாகம் பிளந்துவிடலாம். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே கொண்டுவரும் குழாய் கழன்றுவிடலாம். ஆயிரக்கணக்கான லிட்டர் டீசலைச் சுமந்து செல்வதால் தீயின் அபாயமும் உண்டு. பம்புகளாலும் தீயணைப்பானாலும் ஒன்றும் செய்ய முடியாத நிலை வந்தால், மேல்தளத்தில் கட்டி வைத்திருக்கும் ஒரு வெள்ளைப் பெட்டிதான் கதி. கண்ணாடி இழையால் ஆன, பெரிய டிரங்குப் பெட்டி அளவுள்ள அந்தப் பெட்டிக்குள் ஆறு பேர் உட்காரக்கூடிய தெப்பம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கப்பல்களில் வைக்கப்படும் தெப்பங்களுக்கான சர்வதேச விதி, ஒவ்வோர் ஆளுக்கும் மிதவைக் குழாய்களில் 0.096 கனமீட்டர், அதாவது 96 லிட்டர் கொள்ளளவு வேண்டும் என்கிறது. ஆறு பேருக்கு 576 லிட்டர். அவ்வளவு கடல்நீரின் எடை சுமார் 590 கிலோகிராம். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, குழாய்கள் முழுவதும் அமிழ்ந்தால் கிடைக்கும் மிதப்பு விசை அதுதான். ஆளுக்கு 75 கிலோ என்றால் ஆறு பேர் 450 கிலோ. தெப்பத்தின் எடை 40 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் மிச்சம் இருக்கிறது.

"ஒரு குழாய் கிழிந்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பாதிக் கொள்ளளவு போய்விடும்; 295 கிலோதான் மிஞ்சும். ஆனாலும் தெப்பம் மூழ்காது. ஏனென்றால் அதற்குத் தரை இருக்கிறது. இரும்புக் கிண்ணம் தண்ணீரில் மிதப்பதுபோல, எஞ்சிய ஒரு வளையமும் நீர் புகாத தரையும் சேர்ந்து ஒரு கிண்ணம் ஆகிவிடுகின்றன. கிண்ணத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடமும் நீரை விலக்குகிறது அல்லவா? மேல் வளையமும் கீழ் வளையமும் தனித்தனி அறைகளாக இருப்பதன் பயன் இது. 1982-இல் அட்லாண்டிக் கடலில் தன் படகை இழந்த அமெரிக்கரான ஸ்டீவன் கலாஹன் 76 நாட்கள் தனியாக ஒரு தெப்பத்தில் மிதந்தார். ஆறாவது வாரம் கடந்தபின், மீன் குத்தும் ஈட்டியின் முனை கீழ்க்குழாயைக் கிழித்துவிட்டது. அதை ஒட்டிச் சரிசெய்ய அவருக்குப் பத்து நாட்கள் பிடித்தன. அதுவரை அவரைத் தாங்கியது மேல்குழாய்தான்.

சரி, 576 லிட்டர் குழாயை நடுக்கடலில் யார் ஊதுவது? சைக்கிள் பம்பால் ஆகிற காரியமா? சோடாவில் குமிழியிடும் அதே கரியமில வாயுதான் இங்கே கைகொடுக்கிறது. ஒரு மோல் கரியமில வாயுவின் நிறை 44 கிராம். சாதாரண வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் அது சுமார் 24 லிட்டர் இடத்தை அடைக்கும். தெப்பக் குழாய்களின் உள்ளே அழுத்தம் வெளியைவிட 0.2 வளிமண்டலம்தான் அதிகம் என்று கொண்டால், மொத்தம் 1.2 வளிமண்டலம். 576-ஐ 1.2-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் 28.8 மோல். நிறை சுமார் 1.27 கிலோகிராம்! கூடாரத்தைத் தாங்கும் வளைவுக் குழாய்க்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் வேண்டும், அவ்வளவுதான். இந்த வாயுவை அழுத்தினால் அறை வெப்பத்திலேயே திரவமாகிவிடுவதால் ஒரு சிறிய சிலிண்டருக்குள் அடங்கிவிடுகிறது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. திரவம் வாயுவாக மாறும்போது வெப்பத்தை உறிஞ்சும். ஸ்பிரிட்டைக் கையில் ஊற்றினால் சில்லென்று இருப்பது அதனால்தான். சிலிண்டர் திறந்தவுடன் கரியமில வாயு தானே குளிர்ந்து, வால்வின் வாயிலேயே பனித்தூளாக உறைந்து அடைத்துக்கொள்ளக்கூடும். அதனால் சிறிதளவு நைட்ரஜனையும் சேர்த்து அடைக்கிறார்கள். அது உறையாமல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு நிமிடத்திலும், பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி குளிரில் மூன்று நிமிடத்திலும் தெப்பம் முழுதாக விரிந்துவிட வேண்டும் என்பது விதி.

விரிந்ததும் 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். ஓட்டையாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். குளிர்ந்த வாயு கடல்நீரின் வெப்பத்தை வாங்கி விரிவடைகிறது. மிகுதியான வாயுவைப் பாதுகாப்பு வால்வு வெளியேற்றுகிறது. இரவில் இதற்கு நேர்மாறாக நடக்கும். பகலில் 35 டிகிரியாக இருந்த குழாய் இரவில் 15 டிகிரிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெல்வினில் 308-இலிருந்து 288. உள்ளே இருக்கும் 1.2 வளிமண்டலம் 1.12 ஆகக் குறையும். இது மிகச் சிறிய மாறுதலாகத் தோன்றுகிறதா? குழாயை விறைப்பாக வைத்திருப்பது வெளியழுத்தத்தைவிட மிகுதியாக உள்ள பகுதி மட்டுமே. அது 0.2-இலிருந்து 0.12 ஆகிவிட்டது, அதாவது 40 சதவீதம் போய்விட்டது! விடியற்காலையில் தெப்பம் துவண்டுபோகும். ஆகவே பையில் ஒரு கைப்பம்பும் இருக்கும்.

இனி காற்றுக்கு வருவோம்.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, அதாவது வினாடிக்கு 25 மீட்டர், கடற்புயலில் சாதாரணம். காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் படும் அழுத்தம் தெரியும்: 0.6 × 625 = 375 நியூட்டன். கூடாரத்தோடு சேர்ந்து தெப்பம் காற்றுக்குக் காட்டும் முகம் 2 சதுர மீட்டர் என்றாலும் 750 நியூட்டன். இது 76 கிலோகிராம் எடைக்குச் சமம். தெப்பமோ 40 கிலோ. ஆள் ஏறாத வெறும் தெப்பம் அப்பளம்போலப் பறந்துவிடும். ஆட்கள் ஏறிய பிறகும் ஆபத்து தீர்வதில்லை. அலையின் முகட்டில் ஒரு விளிம்பு சற்றே தூக்கினால் போதும், காற்று தரைக்கு அடியிலும் புகுந்து முழுத் தெப்பத்தையும் கவிழ்க்கப் பார்க்கும்.

கனமான கல்லைக் கட்டலாமே என்று தோன்றும். கல்லைப் பெட்டிக்குள் வைத்தால் பெட்டியை யார் தூக்குவது? தெப்பத்தின் மிதப்பும் வீணாகும். இங்கேதான் தெப்பம் செய்பவர்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க வேண்டும். தரைக்கு அடியில் சில துணிப் பைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தெப்பம் தண்ணீரில் விழுந்ததும் அவை கடல்நீரால் நிரம்பிக்கொள்கின்றன.

"தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை ஏது? அதனால் என்ன பயன்?" வகுப்பில் நான் இந்த இடத்துக்கு வரும்போது யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேட்பவர் ஆர்க்கிமிடீஸைச் சரியாகப் படித்தவர். ஆனால் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு விடை முன்பே தெரியும். குடம் நீருக்குள் இருக்கும்வரை கயிறு லேசாக இருக்கும். குடம் நீர்மட்டத்தை விட்டு மேலே வரும் அந்த நொடியில்தான் கைக்குக் கனம் தெரியும். தெப்பத்தின் பைகளும் அந்தக் குடம்தான். தெப்பம் ஒழுங்காக மிதக்கும்வரை அவை எடையே இல்லாதவை. மிதப்பில் ஒரு கிராமைக்கூடத் திருடுவதில்லை. காற்று ஒரு விளிம்பைத் தூக்கினால், அந்தப் பக்கத்துப் பை நீரைவிட்டு வெளியே வரும், உடனே கனக்கும். தூக்கத் தூக்கக் கனம் கூடும். தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் மட்டும் தோன்றும் எடை! இத்தனை எளிய, இத்தனை அழகான பாதுகாப்புக் கருவி வேறொன்றை நான் அறியேன்.

இன்றைய கப்பல் தெப்பங்களுக்கான விதி, பத்துப் பேர் வரை ஏறும் தெப்பத்தில் இந்தப் பைகள் மொத்தம் 220 லிட்டராவது கொள்ள வேண்டும், விரிந்த 25 வினாடிக்குள் அவற்றில் 60 சதவீதமாவது நிரம்ப வேண்டும் என்கிறது. பழைய தெப்பங்களில் பைகள் இவ்வளவு தாராளமாக இருக்கவில்லை.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து அயர்லாந்தை ஒட்டிய ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வரும் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் கலந்துகொண்டன. 13, 14 தேதிகளில் பெரும்புயல் தாக்கியது. போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் விட்டு நீங்கினார்கள். இனிமேல்தான் நெஞ்சை உறுத்தும் செய்தி. அந்த 24-இல் மூழ்கியவை 5 மட்டுமே. மற்ற 19 படகுகளும் பிறகு மிதந்தபடியே கண்டெடுக்கப்பட்டன. இறந்தவர்களில் ஏழு பேரின் மரணம் தெப்பங்களோடு தொடர்புடையது. தெப்பம் கவிழ்ந்தது, கிழிந்தது, ஏறும்போது கை நழுவியது என்று நேர்ந்தவை. அந்த ஏழு பேரும் விட்டுவந்த படகுகள் பின்னர் துறைமுகத்துக்கு இழுத்து வரப்பட்டன.

இதனால்தான் மாலுமிகள், தெப்பத்துக்குள் ஏற வேண்டுமே தவிர இறங்கக் கூடாது என்கிறார்கள். படகின் மேல்தளம் நீர்மட்டத்துக்கு இறங்கி, தெப்பம் அதைவிட உயரமாகத் தெரியும்போதுதான் படகைக் கைவிட வேண்டுமாம். பாதி நீர் நிரம்பிய படகுகூடத் தெப்பத்தைவிடப் பெரியது, கனமானது, தேடி வரும் விமானத்தின் கண்ணில் எளிதில் படுவது. 2018 செப்டம்பரில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகில் பலத்த காயத்துடன் கிடந்தபோது படகுக்குள்ளேயே இருந்தார். மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்டது. இந்த விதிக்குத் தீ மட்டும் விலக்கு. எரியும் டீசல் படகில் யாரும் காத்திருக்க முடியாது. மோட்டார் படகுக்குத் தெப்பம் வாங்குகிறவர் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். எஞ்சின் அறைக்கு நேர் மேலே பெட்டியைக் கட்டினால், தீப்பிடிக்கும்போது அதை நெருங்கவே முடியாது.

அப்படியானால் பெட்டியை எங்கே வைப்பது? பல மோட்டார் படகுகளில் கூரைமேல் வைத்திருப்பதைப் படங்களில் பார்க்கலாம். பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் 40 கிலோப் பெட்டியை, ஆடும் படகில், இருட்டில், அங்கிருந்து இறக்க வேண்டியவரை நினைத்துப் பாருங்கள். பின்பக்கக் கைப்பிடிக் கம்பியை ஒட்டிய சாய்வான தாங்கியே என் கணிப்பில் மேல். கொக்கியைத் தட்டினால் பெட்டி தன் எடையாலேயே சறுக்கி நீரில் விழும். துணிப்பையில் வரும் தெப்பங்களும் உண்டு, விலை குறைவு. ஆனால் வெயிலும் உப்பும் படாமல் உள்ளே வைக்க வேண்டும், அவசரத்தில் வெளியே தூக்கி வர வேண்டும்.

எத்தனை பேருக்கான தெப்பம்? "பெரிதாக இருந்தால் நல்லதுதானே" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தெப்பத்தில் ஆட்களும் ஒரு பாரம். பத்துப் பேர் தெப்பத்தில் மூன்று பேர் உட்கார்ந்தால் காலியான பக்கம் எளிதாகத் தூக்கும். உடற்சூடும் கூடாரத்தைச் சூடாக்கப் போதாது. எனவே வழக்கமாகப் படகில் இருப்போரின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாங்குவதே முறை. கலாஹன் தனி ஆளாக ஆறு பேர் தெப்பத்தில் இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் அது வாரக்கணக்கில் படுத்துக் கிடக்க நேர்ந்த கதை. மூன்று நாளில் மீட்கப்படுபவருக்கு இடவசதியைவிடக் கவிழாமை முக்கியம். சர்வதேசத் தர அமைப்பின் 9650 எண் விதி, சிறு படகுகளுக்கான தெப்பங்களை ஆழ்கடலுக்கு ஒன்று, கரையோரத்துக்கு ஒன்று என்று பிரிக்கிறது. சமுத்திரம் கடப்பவர் விலையைப் பார்த்து இரண்டாவதை வாங்கக் கூடாது. குளிர்ந்த கடலில் இரட்டைத் தரையும் அவசியம். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். இரண்டு தரைகளுக்கு நடுவே அடைபட்ட காற்று இல்லாவிட்டால், உட்கார்ந்த இடம் வழியாகவே உடலின் சூடு கடலுக்குள் போய்விடும்.

பெட்டியை எறிவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பெட்டியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழுகயிற்றின் நுனியைப் படகில் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. கட்டாமல் எறிந்தால் தெப்பம் விரியவும் விரியாது, திரும்பவும் வராது. பிறகு கயிற்றை இழுக்க வேண்டும். பத்து மீட்டருக்கு மேல் வந்துகொண்டே இருக்கும். சலித்து நிறுத்திவிடக் கூடாது. கயிறு விறைத்ததும் வெடுக்கென்று ஒரு சுண்டு. சிலிண்டரின் வால்வு திறக்கும், பெட்டி இரண்டாகப் பிளக்கும், தெப்பம் விரியும்.

யாருக்கும் எறியவே நேரமில்லாமல் படகு மூழ்கிவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பெட்டியைக் கட்டியிருக்கும் பட்டையில் நீரழுத்தத்தால் திறக்கும் பூட்டு ஒன்று உண்டு. அதனுள் ஒரு சவ்வு, ஒரு வில்சுருள், ஒரு கத்தி. 4 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தம் சுமார் 0.4 வளிமண்டலம். 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சவ்வாக இருந்தால் அதன்மேல் 4 கிலோ எடைக்குச் சமமான விசை விழும். அந்த ஆழத்தை எட்டுவதற்குள் கத்தி விடுபட்டுக் கட்டை அறுத்துவிட வேண்டும். மழையும் தளத்தில் வந்து விழும் அலையும் அந்த அழுத்தத்தைத் தருவதில்லை. விடுபட்ட பெட்டி மேலே கிளம்பும். மூழ்கும் படகு கயிற்றை இழுக்கும். தெப்பம் விரியும்.

இப்போது ஒரு புதிர். விரிந்த தெப்பம் இன்னும் மூழ்கும் படகோடு கட்டப்பட்டிருக்கிறது. தெப்பம் மேல்நோக்கி இழுக்கக்கூடிய விசை, முன்னே பார்த்த கணக்கின்படி, 590-இலிருந்து 40 போக 550 கிலோ எடை. இந்த அளவுத் தெப்பத்தின் இழுகயிறோ 7.5 கிலோநியூட்டன், அதாவது 765 கிலோ எடை தாங்க வேண்டும் என்பது விதி. கயிறு அறாது! படகு தெப்பத்தையும் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். இதைத் தவிர்க்க, கயிற்றைப் படகோடு சேர்க்கும் இடத்தில் வேண்டுமென்றே ஒரு பலவீனமான கண்ணியை வைக்கிறார்கள். அது 2.2 கிலோநியூட்டன், சுமார் 225 கிலோ எடையில் அறுந்துவிடும். தெப்பம் பாதி அமிழ்வதற்குள் விடுதலை. "மெல்லிய நூலாக இருக்கிறதே, பலமாகக் கட்டலாம்" என்று யாராவது அக்கறையோடு கயிற்றைப் படகின் இரும்பு வளையத்தில் முடிந்துவிட்டால் கதை முடிந்தது.

பூட்டை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. படகு தலைகீழாகக் கவிழ்ந்து, உள்ளே அடைபட்ட காற்றால் மிதந்துகொண்டிருந்தால், பெட்டி நீருக்கு அடியில் ஒரு மீட்டரிலேயே நின்றுவிடலாம். அந்த அழுத்தம் போதாது. எனவே கையால் விடுவிக்கக்கூடிய கொக்கியும் அவசியம்.

ஏறியபின் முதல் வேலை, கூடாரத்தைத் திறந்து வைத்து, உள்ளே தேங்கியிருக்கக்கூடிய கரியமில வாயுவை வெளியேற்றுவது. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அடுத்து, கயிற்றை அறுத்துப் படகைவிட்டு விலகிக் கடல் நங்கூரத்தை இறக்க வேண்டும். பெயர்தான் நங்கூரம், இரும்பு அல்ல. நீருக்குள் இழுபடும் ஒரு துணிப் புனல். தெப்பம் அடித்துச் செல்லப்படும் வேகத்தைக் குறைப்பதோடு, காற்று வரும் பக்கத்து விளிம்பைக் கீழ்நோக்கிப் பிடித்தும் வைக்கும். பிறகு 406 மெகாஹெர்ட்ஸ் அலைபரப்பியை இயக்க வேண்டும். 1982-இல் முதல் செயற்கைக்கோளோடு தொடங்கிய கோஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாடு அந்த அலையைப் பிடித்து மீட்பு நிலையங்களுக்குத் தெரிவிக்கும். இந்தியாவுக்கான நிலையம் பெங்களூரில், இஸ்ரோவில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் நீர், தீச்சுடர்கள், பஞ்சு, ஒட்டுத்துணி எல்லாம் கப்பல் தெப்பத்தின் பையில் இருக்கும். படகோடு வந்த சிறு துடுப்புப் படகையும் விட்டுவிடாமல் கட்டி இழுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். 1972-இல் பசிபிக் கடலில் திமிங்கிலங்கள் மோதிப் படகை இழந்த ராபர்ட்சன் குடும்பத்தாரும் நண்பருமாக ஆறு பேர் 38 நாட்கள் உயிர் பிழைத்திருந்தார்கள். அவர்களுடைய தெப்பம் 17 நாட்களில் பயனற்றுப் போயிற்று. மீதி நாட்களை அந்தச் சிறு படகில்தான் கழித்தார்கள்.

தெப்பம் விரியும்போதே தலைகீழாக விரிந்தால் என்ன செய்வது? ஒருவராலேயே அதை நிமிர்த்த முடியும். அடிப்பக்கத்தில் குறுக்கே ஒரு பட்டை தைத்திருக்கும். ஓரத்தில் சிலிண்டர் இருக்கும். சிலிண்டர் உள்ள பக்கம் காற்று போகும் திசையில் வரும்படி தெப்பத்தைத் திருப்பி, அதன்மேல் ஏறி நின்று, பட்டையைப் பிடித்தபடி முதுகுப்பக்கமாகச் சாய வேண்டும். கால் நிற்கும் இடம் நெம்புகோலின் ஆதாரப்புள்ளி, உடலின் எடையே விசை. எதிர் விளிம்பு நீரைவிட்டுச் சற்று எழுந்ததும், இதுவரை எதிரியாக இருந்த காற்று அடியில் புகுந்து மீதியைப் புரட்டிக் கொடுக்கும். தெப்பம் ஆள்மேலேயே வந்து விழும்தான். தரை மிருதுவானது, அடிபடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மல்லாந்தபடி கைகளால் தரையைத் தள்ளித் தள்ளி வெளியே வந்துவிடலாம்.